கீபோர்டில் உள்ள யூஎஸ்பி போர்ட்: எதைச் செருகலாம், எதைச் செருகக் கூடாது?

ஜெராக்ஸ்கடை கேட்டது:

வணக்கம். கடையில் 4 கம்ப்யூட்டர் ஓடுகிறது. சிபியூ எல்லாம் மேஜைக்கு அடியில் கம்பிக்கூண்டுக்குள் இருப்பதால் முன்பக்க போர்ட்டைத் தொட வழியில்லை. அதற்காகவே முதுகில் 2 யூஎஸ்பி போர்ட் உள்ள கீபோர்டாகப் பார்த்து வாங்கினோம். இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள், ஒரு பிளக்தான். கலர் லைட் கிடையாது. யூஎஸ்பி 2.0 தான். எல்லாம் விண்டோஸ்.

இப்போதைய நிலவரம்:

மவுஸ், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி சாவி) இரண்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகின்றன.

பென்டிரைவ் ஆளைப் பொறுத்து. பழைய பிளாஸ்டிக் பென்டிரைவ் எல்லாம் ஓடுகிறது. புதிதாக வரும் குட்டி மெட்டல் பென்டிரைவ் சிலது பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் கழன்றுவிடுகிறது.

வெப்கேம் முதல் கம்பெனி கீபோர்டில் செருகினால் "போதுமான பவர் இல்லை" என்கிற மாதிரி மெசேஜ் வருகிறது. இரண்டாவது கம்பெனி கீபோர்டில் மெசேஜ் எதுவும் இல்லை, கேமரா லிஸ்டில் வருகிறது, படம் மட்டும் கறுப்பு.

2.5 இன்ச் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் செருகினால் டிக் டிக் என்று சத்தம். அதே நொடியில் கீபோர்டின் நம்லாக் லைட் அணைந்து எரிகிறது.

போன் செருகினால் சார்ஜ் அடையாளம் வருகிறது, ஒரு மணி நேரம் ஆனாலும் ஏறுவது இல்லை.

கேள்வி மூன்று. இந்த போர்ட்டின் உண்மையான அளவு என்ன? ஒரே வெப்கேமுக்கு இரண்டு கீபோர்டும் ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன? இப்படியே ஓட்டினால் மதர்போர்டு போகுமா?

---

ஐந்துவோல்ட் பதில்:

உங்கள் கீபோர்டின் ஒவ்வொரு போர்ட்டும் விதிப்படி 100 மில்லிஆம்ப் போர்ட். 500 இல்லை.

கணக்கு இப்படி. யூஎஸ்பி 2.0-இல் ஒரு பங்கு என்பது 100 மில்லிஆம்ப். மதர்போர்டின் போர்ட் ஒவ்வொன்றும் 5 பங்கு தரும், அதாவது 500. உங்கள் கீபோர்டுக்குள் ஒரு ஹப் சிப், அதாவது ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் சிப், உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேபிள் வழியாக வரும் 5 பங்கில் ஒரு பங்கு ஹப்புக்கும் கீபோர்டுக்கும் போய்விடும். மிச்சம் 4 பங்கு. கேபிளிலிருந்தே பவர் எடுக்கும் ஹப் ஒரு போர்ட்டுக்கு ஒரு பங்குக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட ஹப்பில் 4 போர்ட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. 2 போர்ட்தானே இருக்கிறது, மிச்சத்தை ஆளுக்கு 200 என்று பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விதியில் அதற்கு இடமில்லை. ஒரு போர்ட்டுக்கு ஒரு பங்குதான்.

ஆப்பிளின் 2007 அலுமினியக் கீபோர்டு இதற்கு நல்ல உதாரணம். அதன் ஹப் மேக்கிடம் 300 கேட்கும். தனக்கு 100, இரண்டு போர்ட்டுக்கும் 100, 100. அதில் எதைச் செருகினாலும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் "கிடைக்கும் கரண்ட் 100" என்றுதான் காட்டும்.

யூஎஸ்பி 3.0 ஹப் உள்ள கீபோர்டு என்றால் பங்கு 150 ஆகிறது, மேலே உள்ள போர்ட் 900 தரும். அப்போதும் கீபோர்டு போர்ட் ஒன்றுக்கு 150 தான். அதே கீபோர்டைப் பழைய 2.0 போர்ட்டில் செருகினால் மறுபடியும் 100.

இப்போது இரண்டாவது கேள்வி. சுவாரஸ்யமே இதில்தான் இருக்கிறது.

யூஎஸ்பியில் செருகியதும் ஒவ்வொரு சாதனமும் "எனக்கு அதிகபட்சம் இவ்வளவு வேண்டும்" என்று ஒரு எண்ணைச் சொல்லும். யூஎஸ்பி 2.0-இல் அந்த எண் 2 மில்லிஆம்ப் அளவில் போகும். 50 என்றால் 100 மில்லிஆம்ப், 250 என்றால் 500. வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்கள் பல 98 என்று சொல்வதைப் பார்க்கலாம், 100-க்குள் அடங்கிவிட வேண்டும் என்பதற்காக. வெப்கேம்கள் பெரும்பாலும் 500 என்று சொல்லும். உண்மையில் 200 சொச்சம்தான் இழுக்கும் என்றாலும் சொல்வது 500.

கம்ப்யூட்டர் இந்த எண்ணை ஹப்பின் அளவோடு ஒப்பிடும். போதாது என்றால் சாதனத்தை இயக்கவே விடாது. யாரும் எதையும் அளப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் வாய்க்கணக்கு. 500 என்று சொல்லிவிட்டு 200 இழுக்கும் வெப்கேம் வாசலிலேயே நிறுத்தப்படும். 100 என்று சொல்லிவிட்டு எழுதும்போது 250 இழுக்கும் பென்டிரைவ் உள்ளே போய் நடுவழியில் விழும்.

ஹப்பும் இதே மாதிரி ஒன்று சொல்ல வேண்டும்: "எனக்குத் தனி அடாப்டர் இருக்கிறது" அல்லது "கேபிளிலிருந்துதான் எடுக்கிறேன்". உங்கள் முதல் கம்பெனி கீபோர்டு உண்மையைச் சொல்கிறது. அதனால் விண்டோஸ் 100-தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வெப்கேமை மறுத்து மெசேஜ் காட்டுகிறது. இரண்டாவது கம்பெனி கீபோர்டின் ஹப், அடாப்டர் இல்லாமலேயே இருக்கிறது என்று சொல்வதாகத்தான் தெரிகிறது. விண்டோஸ் அதை நம்பி 500 இருப்பதாக நினைத்து வெப்கேமை அனுமதிக்கிறது. சென்சார் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கிப் படம் வராமல் போகிறது. விலை குறைந்த ஹப்களில் இந்தப் பொய் ரொம்பச் சாதாரணம். ஜிஎல்850ஜி போன்ற சிப்பில் பிசெல்ஃப் என்று ஒரு கால் இருக்கும். அதை மேலே (பவர் பக்கம்) கட்டினால் "அடாப்டர் உண்டு", கீழே (கிரவுண்டு பக்கம்) கட்டினால் "இல்லை". மெசேஜ் வந்து வாடிக்கையாளர் திருப்பித் தரக் கூடாது என்று மேலே கட்டிவிடுவார்கள். மெசேஜ் காட்டும் கீபோர்டுதான் நல்ல கீபோர்டு என்று சொன்னால் கடைக்காரர்கள் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை.

சரிபார்க்க: டிவைஸ் மேனேஜர், யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதி, ஜெனரிக் யூஎஸ்பி ஹப், ப்ராப்பர்ட்டீஸ், பவர் டேப். ஹப் எந்த வகை என்பதும், போர்ட்டுக்கு எவ்வளவு என்பதும், செருகியிருப்பவை எவ்வளவு கேட்கின்றன என்பதும் அங்கே இருக்கும். சில மெஷினில் அந்த டேப் வராது. அப்போது மைக்ரோசாஃப்டின் யூஎஸ்பிவியூ என்ற கருவியைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது: மதர்போர்டு போகாது. போர்ட்டுக்கு முன்னால் பாலிஃபியூஸ் (தானாகவே மீளும் ஃபியூஸ்) அல்லது கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கும். பாலிஃபியூஸ் சூடாகித் தடையை ஏற்றிக்கொள்ளும், பவர் எடுத்துவிட்டுச் சில நிமிடம் விட்டால் ஆறிப் பழைய நிலைக்கு வரும். 500 மில்லிஆம்ப் தாங்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 1 ஆம்பியர் பக்கத்தில்தான் விழும், அதுவும் மெதுவாக. பல போர்டுகளில் ஒரே ஃபியூஸ் இரண்டு போர்ட்டுக்குப் பொதுவாக இருக்கும். அதனால் கீபோர்டில் தப்பான ஒன்றைச் செருகினால் பக்கத்துப் போர்ட்டில் உள்ள பிரிண்டரும் சேர்ந்து போகலாம். ஆபத்து போர்டுக்கு இல்லை, அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் டேட்டாவுக்குத்தான். டிக் டிக் கேட்டால் உடனே கழற்றுங்கள்.

---

ஜெராக்ஸ்கடை:

ரொம்ப நன்றி சார். பார்த்துவிட்டேன். முதல் கம்பெனி: கேபிள் பவர், போர்ட்டுக்கு 100. இரண்டாவது: சொந்த பவர் என்று காட்டுகிறது, போர்ட்டுக்கு 500! அடாப்டர் செருகத் துளைகூட அதில் இல்லை.

பக்கத்துக் கடையில் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி இரண்டாவது கீபோர்டில் அளந்தேன். கேபிள் நீளம் 1.5 மீட்டர். வேறு எதுவும் செருகாதபோது 5.03 வோல்ட். தகராறு செய்யும் மெட்டல் பென்டிரைவ் எழுதும்போது 0.22 ஆம்பியர், 4.84 வோல்ட். ஹார்ட் டிஸ்க் செருகியதும் 4.4 என்று ஒரு கணம் காட்டிவிட்டு மீட்டரே அணைந்து மறுபடி எரிகிறது.

4.84 என்பது நல்ல வோல்டேஜ்தானே? அப்புறம் ஏன் பென்டிரைவ் கழல்கிறது?

---

செம்புக்கம்பி பதில்:

நல்ல அளவு எடுத்திருக்கிறீர்கள். இதை வைத்தே கீபோர்டைப் பிரிக்காமல் உள்ளே எவ்வளவு தடை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

5.03-இலிருந்து 4.84: இறங்கியது 0.19 வோல்ட். ஓடிய கரண்ட் 0.22 ஆம்பியர். 0.19-ஐ 0.22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.86 ஓம். இதுதான் உங்கள் கீபோர்டு வழியின் மொத்தத் தடை.

இது எங்கிருந்து வருகிறது? மெல்லிய கீபோர்டு கேபிளில் பவர் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண்). மீட்டருக்கு 0.213 ஓம். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆக 1.5 மீட்டர் கேபிள் என்பது 3 மீட்டர் கம்பி: 0.64 ஓம். மீதி 0.2 சொச்சம் பிளக்கின் தொடுமுனை, போர்டில் உள்ள ஃபியூஸ், கீபோர்டுக்குள் இருக்கும் சின்னக் கனெக்டர். கணக்கு ஒத்துவருகிறது, அதாவது கேபிள் கெட்டுப்போகவில்லை. மெல்லியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் தட்டு சுழலத் தொடங்கும்போது ஓரிரு நொடிக்கு 0.8 முதல் 1 ஆம்பியர் வரை கேட்கும். 0.9 என்று வைத்தால் 0.9 × 0.86 = 0.77 வோல்ட் இறக்கம். 5.03-இலிருந்து 4.26-க்கு வந்துவிடும். கேபிள் பவர் ஹப்பின் போர்ட்டில் விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சம் 4.40 வோல்ட். நேரடி மதர்போர்டு போர்ட் என்றால் 4.75. டிஸ்க்கின் மோட்டார் 5 வோல்ட்டிலேயே ஓடுவது. வேகம் எடுக்க முடியாமல் விழும், படிக்கும் தலை பின்வாங்கும், மறுபடி முயலும். அதுதான் அந்த டிக் டிக். நம்லாக் லைட் அணைந்து எரிவது, கீபோர்டின் சொந்தச் சிப்பே வோல்டேஜ் போதாமல் ரீசெட் ஆகிறது என்பதற்கு அடையாளம். இது நடந்தால் சாதனம் மட்டுமல்ல, முழு ஹப்பும் கழன்று மறுபடி சேர்கிறது. அதே கீபோர்டில் டிஎஸ்சி டோக்கன் போட்டு ரிட்டர்ன் ஃபைல் செய்துகொண்டிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்தில் அறுந்துவிடும்.

பென்டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டர் காட்டும் 0.22 ஒரு சராசரி. அதன் திரை நொடிக்கு ஓரிரு முறைதான் மாறும். பென்டிரைவ் ஃபிளாஷில் எழுதும்போது சில மில்லிநொடிக்கு மட்டும் உச்சம் வந்து போகும், அது மீட்டரில் பதியாது. அந்தச் சில மில்லிநொடியில் வோல்டேஜ் சரிவதும் பதியாது. விதிப்படி ஹப்பின் வெளிப்போர்ட் பக்கம் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும், இந்த மாதிரிச் சரிவைத் தாங்கத்தான் அது. விலை குறைந்த கீபோர்டுகளில் அந்த இடம் காலியாகவே இருக்கும். நீங்கள் ஒரு போர்ட்டில் பென்டிரைவைச் செருகும்போது இன்னொரு போர்ட்டில் உள்ள மவுஸ் ஒரு கணம் செத்து உயிர்த்தால் காரணம் இதேதான்.

கேபிள் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நல்ல கேபிளின் உறையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்: 28ஏடபிள்யூஜி/1பி, அடுத்து 24ஏடபிள்யூஜி/2சி. முதல் பகுதி டேட்டா ஜோடி, அது 28 ஆகவே இருக்கட்டும். இரண்டாவது பகுதிதான் பவர் கம்பி. அங்கே 24 இருந்தால் மீட்டருக்கு 0.084 ஓம்தான். அதே 1.5 மீட்டருக்கு 0.25 ஓம். இரண்டாவதிலும் 28 என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லிசு, இதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

கீபோர்டு போர்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போடவே வேண்டாம். ஏற்கெனவே 0.86 இருக்கிறது, அதன்மேல் இன்னொரு 0.4 சேரும்.

---

பெங்குவின்மேசை பதில்:

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்காக இரண்டு வரி.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மைனஸ் வி சேர்த்து ரூட்டாக ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் கீழும் மேக்ஸ்பவர் என்று வரும் வரிதான் அது கேட்கும் கரண்ட். யூஎஸ்பி 3 எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியில் 896 என்று வித்தியாசமான எண் வந்தால் குழம்ப வேண்டாம். 3.0 வேகத்தில் அந்த எண் 8 மில்லிஆம்ப் அளவில் போகிறது. 900 எட்டால் வகுபடாது, அதனால் 112 × 8 = 896.

பவர் போதாமல் மறுத்திருந்தால் டிமெசேஜில் (கெர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) "இன்சஃபிஷியன்ட் அவைலபிள் பஸ் பவர்" என்ற வரி இருக்கும். அந்தச் சாதனம் லிஸ்டில் தெரியும், டிரைவர் மட்டும் ஒட்டாது. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களின் அமைப்புகளை ஃபைலாகக் காட்டும் ஃபோல்டர்) அந்தச் சாதனத்தின் கான்ஃபிகரேஷன் வேல்யூ ஃபைலில் 1 என்று எழுதினால் கெர்னல் கட்டாயமாக இயக்கும். கூடுதலாகச் சொல்லிவிட்டுக் குறைவாக இழுக்கும் சாதனத்துக்கு (பழைய கார்டு ரீடர், பார்கோடு ஸ்கேனர்) இது நல்ல வழி. டிஸ்க்குக்கு இதைச் செய்யாதீர்கள். கணக்கை ஏமாற்றலாம், கம்பியின் தடையை ஏமாற்ற முடியாது.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். 2019-இல் வந்த அதன் அதிகாரபூர்வக் கீபோர்டில் 3 யூஎஸ்பி 2.0 போர்ட் இருக்கிறது, அதுவும் கேபிள் பவர்தான். பை 4-இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர். பை 5-இல் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் மொத்தமே 600 மில்லிஆம்ப், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால்தான் 1.6 ஆம்பியர். பூட் ஆகும் எஸ்எஸ்டியைக் கீபோர்டில் செருகிவிட்டு "திடீரென்று ஃபைல்சிஸ்டம் ரீட்ஒன்லி ஆகிறது" என்று கேட்பவர்கள் முதலில் அதை பையின் சொந்த நீலப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: க்யூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டின் சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுகள், வேறு எண் கொடுக்காவிட்டால் 500 என்றே கேட்கும். எண்பேடு மாதிரி சின்ன போர்டு ஒன்றைக் கீபோர்டின் போர்ட்டில் செருகி, அது ஓடவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். கான்ஃபிக் ஃபைலில் யூஎஸ்பி மேக்ஸ் பவர் மதிப்பை 100 ஆக்கி மறுபடி ஃபிளாஷ் செய்யுங்கள். கூடவே எல்இடி பிரைட்னஸின் உச்சவரம்பையும் குறைத்துவிடுங்கள், எண்ணை மட்டும் குறைத்தால் நீங்களும் பொய் சொல்லும் கம்பெனி ஆகிவிடுவீர்கள்.

---

சால்டர்தம்பி பதில்:

ப்ரோ, கெப்பாசிட்டர் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் கீபோர்டைப் பிரித்து வெளிப்போர்ட்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் ஒன்று பற்றவைத்தால் முடிந்தது. பத்து ரூபாய் வேலை. கேபிளையும் 24 கேஜாக மாற்றிவிடலாம்.

இரண்டு பிளக் உள்ள கீபோர்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கோர்சேர் கே70 வகையில் சிலவற்றில் கேபிள் முனையில் இரண்டு பிளக் இருக்கும். ஒன்று கீபோர்டுக்கு, இன்னொன்று கம்பி வழியாக நேராக முதுகில் உள்ள போர்ட்டுக்கு. நடுவில் ஹப்பே கிடையாது, ஆகவே 100 என்ற வரம்பும் இல்லை. மதர்போர்டு போர்ட் என்ன தருகிறதோ அது, கேபிளின் இறக்கம் போக. கடையில் பார்க்கும்போது சோதனை சுலபம்: ஒரு பிளக்கை மட்டும் செருகுங்கள். கீபோர்டு ஓடி, முதுகுப் போர்ட் செத்திருந்தால் அது நேரடி வகை. ஒரே பிளக்கில் இரண்டும் ஓடினால் உள்ளே ஹப் இருக்கிறது.

---

ஐந்துவோல்ட் பதில்:

தம்பி, இரண்டு பிளக் விஷயம் சரி. கெப்பாசிட்டரை மட்டும் அப்படியே வைக்காதீர்கள்.

மேலே 120 என்று விதி சொல்வது ஹப்பின் வெளிப்போர்ட் பக்கத்துக்கு. அதே விதி, செருகும் சாதனம் தன் பிளக்கில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் கீபோர்டில் உள்ளே வரும் 5 வோல்ட்டும் வெளியே போகும் 5 வோல்ட்டும் ஒரே செம்புத் தடத்தில் இருந்தால், 220-ஐ வைத்ததும் கீபோர்டே மதர்போர்டுக்கு 220 மைக்ரோஃபாரட் சாதனமாகத் தெரியும். செருகும் கணத்தில் அந்தக் காலி கெப்பாசிட்டர் ஷார்ட் மாதிரி இழுக்கும். போர்டில் கரண்ட் சுவிட்ச் இருந்தால் ஓவர்கரண்ட் என்று போர்ட்டை மூடிவிடும், லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். வைக்கத்தான் வேண்டும் என்றால் நடுவில் மெதுவாகத் திறக்கும் பவர் சுவிட்ச் சிப் ஒன்று வேண்டும். நல்ல கம்பெனி கீபோர்டில் ஹப் சிப்புக்குப் பக்கத்தில் 5 கால் உள்ள குட்டிச் சிப்பாக அது இருக்கும். அது இருந்தால் அதன் வெளிப்பக்கம் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

கேபிள் மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் 100 என்ற கணக்கை மாற்றாது, வோல்டேஜ் இறக்கத்தைத்தான் குறைக்கும்.

போன் பற்றி: கேபிளில் டேட்டா கம்பி இருந்தால் போன் இதைச் சாதாரணக் கம்ப்யூட்டர் போர்ட் என்று புரிந்துகொண்டு 500-க்குள் அடங்கப் பார்க்கும். திரை எரிந்துகொண்டிருந்தால் வருவதும் போவதும் சமம், அதனால்தான் ஏறவில்லை. சிலர் டேட்டா இல்லாத "சார்ஜிங் மட்டும்" கேபிளைப் போடுவார்கள். அந்தக் கேபிளில் டேட்டா கால்கள் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் போன் அதைச் சுவர் சார்ஜர் என்று நினைத்து 1.5 ஆம்பியர் வரை இழுக்க முயலும். 0.86 ஓம் வழியில் 1.5 ஆம்பியர் என்றால் 1.3 வோல்ட் போய்விடும். போன் பின்வாங்கும், கீபோர்டு ரீசெட் ஆகும், கேபிள் கழுத்து சூடாகும். கடையில் வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செருகுவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

---

ஜெராக்ஸ்கடை:

புரிந்தது. கீபோர்டில் இனி மவுஸ், டோக்கன் மட்டும். மேஜை மேல் வாடிக்கையாளர் பென்டிரைவ், வெப்கேம், கைரேகை ஸ்கேனர் போட என்ன வைக்கலாம்? ஹார்ட் டிஸ்க் வாரத்துக்கு ஒன்று வரும்.

---

செம்புக்கம்பி பதில்:

ஒரே ஒரு போர்ட் போதும் என்றால் ஹப்பே வேண்டாம். சிபியூவின் பின்பக்கத்திலிருந்து 1 மீட்டர் எக்ஸ்டென்ஷன், பவர் கம்பி 24 கேஜ், பெண் முனையை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வழி நேரடியானது, 500 முழுசாகக் கிடைக்கும். யூஎஸ்பி 3 எக்ஸ்டென்ஷன் என்றால் 1 மீட்டரைத் தாண்டாதீர்கள், நீளம் கூடினால் வேகம் 2.0-க்கு விழும் அல்லது டிஸ்க் அடிக்கடி கழலும்.

மூன்று நான்கு சாதனம் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் அடாப்டரோடு வரும் ஹப். 4 போர்ட் யூஎஸ்பி 2.0-க்கு 4 × 500, ஆக 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் குறைந்தபட்சம். 4 போர்ட் 3.0 என்றால் 4 × 900 = 3.6, ஆக 4 ஆம்பியர். பெட்டியில் 7 போர்ட் என்று போட்டு உள்ளே 2 ஆம்பியர் அடாப்டர் வைத்திருந்தால் எல்லா போர்ட்டையும் ஒன்றாக நம்ப முடியாது. கைரேகை ஸ்கேனரைச் செருகிவிட்டு அது எவ்வளவு கேட்கிறது என்று யூஎஸ்பிவியூவில் பாருங்கள். 100-க்கு மேல் இருந்தால் கீபோர்டு பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் ஹப்பிலோ நேரடிப் போர்ட்டிலோதான்.

ஹப் வாங்கியதும் முதல் வேலை பின்னோட்டச் சோதனை. சில ஹப்களில் அடாப்டரின் 5 வோல்ட், கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் வழியாக மதர்போர்டுக்குள் திரும்பிப் போகும். கம்ப்யூட்டரை அணைத்தும் கீபோர்டு லைட் எரிவது, ரீஸ்டார்ட் ஆகாமல் தொங்குவது எல்லாம் அதனால் வரும். ஹப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றுங்கள், அடாப்டரை மட்டும் போடுங்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் பிளக்கில் உள்ள நான்கு தகட்டில் இரண்டு ஓரத் தகடுகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0 பக்கத்தில் இருக்க வேண்டும். 5 காட்டினால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.